தூதுவராய்ச் சென்ற தத்துவப் பேராசிரியர் - டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்

தொண்டை மண்டலத்துக் கடற்கரைக்கும் அயல்நாட்டுத் தூதுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. மாமல்லையில் கடற்கரைக் கோயிலை எழுப்பிய பல்லவ வேந்தன் இராசசிம்மன் கி.பி. 720-ஆம் ஆண்டில் சீன நாட்டுத் தாங் பேரரசனிடம் தூதுக்குழு ஒன்றை அனுப்பினான் என்று சீனரின் வரலாற்றேடுகள் குறித்துள்ளன. அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், அதே தொண்டை மண்டலத்தின் வடமேற்கு மூலையில் பிறந்த ஒருவர், சுதந்திர பாரதத்தின் தூதுவராக மாஸ்கோ நகருக்குச் சென்றார். அவரே டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்கள்.

செப்டம்பர் 5-ஆம் நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவதால் நம் இல்லத்துச் சிறார்களும் அவர் பெயரை அறிவர். குடியரசுத் தலைவராக அவர் வீற்றிருந்ததைப் பெரியோர் அறிவர். இவ்விரண்டிற்கும் இடையே, 1949 முதல் 1952 வரை அவர் ஆற்றிய தூதுப்பணி அதிகம் பேசப்படுவதில்லை. சமண சமயத்தாராகிய நமக்கு அப்பணியில் ஒரு தனி அக்கறை உண்டு. அதன் காரணத்தைப் போகப்போக உரைப்போம்.

இராதாகிருஷ்ணன் அவர்கள் 1888-ஆம் ஆண்டு திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பம் ஒன்றில் தோன்றினார். தந்தையார் வீராசாமி, தாயார் சீதம்மா. குடும்பத்தின் பூர்விக ஊராகிய நெல்லூர்ப் பகுதியின் சர்வபள்ளியே அவர் பெயருடன் சேர்ந்தது. திருத்தணி எந்த மாவட்டம் என்று கேட்டால் ஆண்டைச் சொன்னால்தான் விடை கூற இயலும். அவர் பிறந்தபோது அது வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் சென்றது. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. ம.பொ.சி. முதலியோர் நடத்திய கிளர்ச்சியின் பயனாய் 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்திற்குத் திரும்பிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. பின்னர் 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்தது. ஆகவே அவர் குடியரசுத் தலைவர் ஆன 1962-ஆம் ஆண்டில், காஞ்சியும் திருப்பருத்திக்குன்றமும் மாமல்லையும் அடங்கிய நம் பழைய செங்கற்பட்டு மாவட்டமே அவருடைய பிறந்த ஊரைத் தன்னகத்தே கொண்டிருந்தது.

திருத்தணியில் தொடங்கிய கல்வி திருப்பதியிலும் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் தொடர்ந்தது. அதன்பின் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்று தாம்பரத்தில் மரங்கள் சூழ விளங்கும் அக்கல்லூரி அந்நாளில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்திற்கு 1937-இல்தான் பெயர்ந்தது. தத்துவப் பாடத்தை அவர் தேர்ந்தெடுத்தது விரும்பியன்று. உறவினர் ஒருவர் பட்டம் பெற்று முடித்துத் தம் தத்துவ நூல்களை இவருக்குக் கொடுத்தார். புதிதாய் நூல் வாங்கப் பொருள் இல்லாத நிலையில் அந்நூல்களே பாடத்தைத் தீர்மானித்தன. உலகம் போற்றிய தத்துவ மேதை உருவானதற்குப் பழைய பாடநூல்கள் சில காரணமாயின என்பது நினைக்குந்தோறும் வியப்பளிக்கிறது.

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியர் ஆனார். நீலகேசியை உரையுடன் 1936-இல் பதிப்பித்து நம் சமுதாயத்திற்கு அழியாப் பெருமை சேர்த்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்களும் அதே கல்லூரியில் தத்துவம் போதித்தவரே. இராதாகிருஷ்ணன் 1918-இல் மைசூருக்கும் 1921-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். கல்கத்தாவில் இருந்தபோது, 1923-இல், இந்தியத் தத்துவம் பற்றிய அவருடைய பெருநூலின் முதற்பகுதி வெளிவந்தது.

அந்நூலில் ஜைன தரிசனத்திற்கென ஓர் அத்தியாயம் உண்டு. பகவான் மகாவீரருக்கும் பார்சுவநாதருக்கும் முன்னரே ஜைனம் நிலவியது என்பதையும், கிறித்து பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ரிஷபதேவரை வழிபட்டோர் இருந்தனர் என்பதையும் அதில் அவர் ஐயமின்றி எழுதினார். மகாவீரரே இச்சமயத்தைத் தோற்றுவித்தவர் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறிவந்த காலத்தில் இக்கூற்று நம்மவர்க்குப் பெருந்துணையாயிற்று. இன்றும் நம் மேடைகளில் அப்பகுதியை எடுத்துக்காட்டாத சொற்பொழிவாளர் அரியர்.

ஆனால் அதே அத்தியாயத்தில் அவர் நம் ஸ்யாத்வாதத்தைக் கண்டித்தும் எழுதியுள்ளார். அப்பகுதியை நாம் எடுத்துக்காட்டுவதில்லை. ஒவ்வொரு கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே உண்மை என்றால், அந்நோக்குகள் அனைத்தையும் அடக்கிய முழுமுதல் ஒன்று இருந்தாக வேண்டும். ஜைனர் அதனை ஒப்பாமல் பாதி வழியில் நின்றுவிட்டனர் என்பது அவர் வாதம். அவர் அத்வைதச் சார்புடையவர். அவ்வாறு கருதியது இயல்பே. எல்லாப் பொருள்களையும் அவற்றின் எல்லாப் பரியாயங்களோடும் ஒருங்கே அறியும் கேவலஞானமே அம்முழுமை என்று நம் தரப்பினர் விடையிறுப்பர். அவர் கேட்டது பொருளின் முழுமையை, நாம் காட்டுவது அறிவின் முழுமையை என்பதால் வழக்கு அத்துடன் தீர்வதன்று. புகழ்ந்த பகுதியை வைத்துக்கொண்டு கண்டித்த பகுதியை மறைப்பது அநேகாந்தவாதிகளுக்கு அழகாகாது என்று மட்டும் இங்குக் கூறி அமைவோம்.

1926-இல் ஹார்வார்டில் நடந்த அனைத்துலகத் தத்துவ மாநாடு, ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி, 1936 முதல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கான பேராசிரியர் பதவி, 1939 முதல் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி, அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் பொறுப்பு, யுனெஸ்கோ நிர்வாகக் குழுவின் தலைமை எனப் புகழ் வளர்ந்துகொண்டே சென்றது. இவை பல நூல்களில் விரிவாக உள்ளன.

1949-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அவர்கள் இராதாகிருஷ்ணனைச் சோவியத் ஒன்றியத்திற்குத் தூதுவராக நியமித்தபோது பலரும் திகைத்தனர். கடவுளையும் ஆன்மாவையும் பற்றியே எழுதிவந்தவரை, அவ்விரண்டையும் மறுத்த அரசிடம் அனுப்புவது பொருந்துமா என்பது அவர்தம் ஐயம். அன்றைய நிலையும் அனுகூலமாக இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில்தான் பாரதம் காமன்வெல்த் அமைப்பில் நீடிக்க முடிவு செய்திருந்தது. ஆங்கிலேயன் கொடியை இறக்கினானே தவிர ஆட்சியை விடவில்லை என்பதே மாஸ்கோவின் கணிப்பு. தெலுங்கானாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அதனை அடக்கிய அரசின் தூதுவர்க்கு மாஸ்கோவில் என்ன வரவேற்பு கிடைக்கும்? முதல் தூதுவராகச் சென்ற விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் நேருவின் தங்கையே ஆயினும், அவர் இருந்த காலம் முழுவதும் ஸ்டாலின் அவரைச் சந்திக்கவில்லை.

இராதாகிருஷ்ணன் தம் ஆக்ஸ்போர்டு பதவியை விடவில்லை. ஆண்டின் ஒரு பகுதியை அங்குக் கழிக்க நேரு இசைந்தார். மாஸ்கோவிலும் அவருடைய நாளின் பெரும்பகுதி நூல்களோடுதான் சென்றது. படுக்கையில் நூல்கள் சூழ அமர்ந்து எழுதுவது அவர் வழக்கம். தம்மபதத்தை அவர் மொழிபெயர்த்து விளக்கிய நூல் 1950-இல் வெளிவந்தது. 1953-இல் வெளியான உபநிடதப் பெருநூலின் உழைப்பும் மாஸ்கோ நாட்களிலேயே நடந்தது. வெண்தலைப்பாகையும் நீண்ட அங்கியும் மாறவில்லை. மரக்கறி உணவையும் விடவில்லை. பனி மூடிய நாட்டில், நள்ளிரவு வரை விருந்து நடக்கும் இராஜதந்திர வட்டாரத்தில், இந்நெறியைக் காப்பது எத்துணை அரிது என்பதை வெளிநாடு சென்றுவந்த நம் இளைஞர்கள் நன்கறிவர்.

1950 ஜனவரி நடுவில் ஸ்டாலின் அவரைக் கிரெம்ளின் மாளிகைக்கு அழைத்தார். சந்திப்பு, ஸ்டாலினின் வழக்கப்படி, இரவில் நடந்தது. பாரதம் எக்கட்சியிலும் சேராது, அமைதியே அதன் நாட்டம் என்பதை இராதாகிருஷ்ணன் எடுத்துரைத்தார். அங்கு அவர் அசோகனின் வரலாற்றைக் கூறினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. குருதி சிந்தி வெற்றி கண்ட மன்னன் ஒருவன் போரைத் துறந்து அறநெறி பூண்டான். தங்களுக்கும் அவ்வாறு நிகழாது என்று யார் கூற முடியும் என்று ஸ்டாலினிடமே கேட்டாராம். அற்புதங்கள் நிகழ்வதுண்டு, தாமும் இளமையில் இறையியல் பள்ளியில் பயின்றவரே என்று ஸ்டாலின் சிரித்தபடி விடை தந்தாராம். கலிங்கம் என்றதும் நமக்கு அசோகனோடு காரவேல மன்னனும் நினைவுக்கு வருவான். அசோகன் வென்ற அதே நாட்டில் பின்னர் ஜின தருமம் தழைக்கச் செய்து உதயகிரியில் கல்வெட்டுப் பொறித்தவன் அவன்.

கோடிக்கணக்கானோர் உயிருக்கு அஞ்சி வாழ்ந்த ஆட்சியின் தலைவன் எதிரே அமர்ந்து இவ்வாறு பேசுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆயினும் அவர் பேச்சில் இடித்துரைக்கும் தொனி இல்லை. எதிரில் இருப்பவனும் மாறக்கூடிய ஆன்மா உடையவன் என்ற எண்ணமே அதில் தொனித்தது. இராஜதந்திர நூல்களில் இம்முறை கற்பிக்கப்படுவதில்லை என்றே எண்ணுகிறோம்.

அவ்வாண்டு ஜூன் 25-ஆம் நாள் கொரியாவில் போர் மூண்டது. கம்யூனிஸ்ட் சீனாவுக்கு ஐக்கிய நாடுகள் சபையில் இடம் அளிக்கப்படாததைக் கண்டித்துச் சோவியத் பிரதிநிதி அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பாதுகாப்புச் சபைக்கு வராதிருந்தார். போரிடும் தரப்புகள் ஒரே மேசையில் அமராமல் போர் எவ்வாறு நிற்கும்? சீனாவுக்கு உரிய இடத்தை அளிப்பது, சோவியத் பிரதிநிதி சபைக்குத் திரும்புவது, பின் வல்லரசுகள் கூடிக் கொரியாவுக்குத் தீர்வு காண்பது என்ற யோசனையை இராதாகிருஷ்ணன் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதுவரிடமும் சோவியத் அதிகாரிகளிடமும் எடுத்துப் பேசினார். அதனடிப்படையில் ஜூலை 13-ஆம் நாள் நேரு ஸ்டாலினுக்கும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அச்சசனுக்கும் மடல் விடுத்தார். இரண்டே நாளில் ஸ்டாலின் இசைவு தெரிவித்தார். ஜூலை 18-ஆம் நாள் அச்சசன் மறுத்துவிட்டார். படையெடுப்பை நிறுத்துவதற்கு விலையாகச் சீனாவுக்கு இடம் அளிக்க இயலாது என்பது அமெரிக்காவின் நிலை.

முயற்சி தோற்றது. ஆங்கில, அமெரிக்க வட்டாரங்களில் இராதாகிருஷ்ணனை உலகியல் அறியாத தத்துவவாதி என்று எள்ளியோரும் உண்டு. ஸ்டாலினின் இசைவைக் கண்டு நம் தரப்பு அளவுக்கு மீறி மகிழ்ந்தது என்ற குற்றச்சாட்டிலும் ஓரளவு உண்மை இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. சீனாவுக்கு இடம் கிடைப்பது ஸ்டாலினுக்கு ஆதாயமே அன்றோ? எனினும் பிற்கால நிகழ்ச்சிகளை நோக்குக. மூன்றாண்டுகள் குருதி பெருகிய பின் 1953 ஜூலையில் போர் நின்றது. தாயகம் திரும்ப மறுத்த போர்க்கைதிகளைக் காக்கும் பொறுப்பை எந்நாட்டுப் படையிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, இரு தரப்பும் ஏற்றது பாரதப் படையையே. கைதிகளைத் தாயகம் அனுப்புவதற்கான நடுநிலை நாடுகளின் ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் தளபதி திம்மையா. எள்ளப்பட்ட நடுநிலைக்குத்தான் அப்பொறுப்பு வந்து சேர்ந்தது.

மாஸ்கோவின் பார்வை சிறிது சிறிதாக மாறியது. 1951-இல் நம் நாட்டில் கடும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 20 இலட்சம் டன் தானியத்திற்கான அமெரிக்கக் கடன் அந்நாட்டுச் சட்டமன்றத்தில் மாதக்கணக்கில் விவாதிக்கப்பட்டு ஜூன் மாதத்தில்தான் நிறைவேறியது. அவ்விடைவெளியில் சோவியத் கோதுமையும் பண்டமாற்று முறையில் நம் துறைமுகங்களுக்கு வந்தது. அளவில் சிறிதே ஆயினும் மாஸ்கோவின் மனமாற்றத்தை அது காட்டியது. 1952 ஜனவரியில், அதுவரை காஷ்மீர் விவாதங்களில் வாய் திறவாதிருந்த சோவியத் பிரதிநிதி மாலிக், பாதுகாப்புச் சபையில் ஆங்கிலேய அமெரிக்கத் தலையீட்டைக் கண்டித்துப் பேசினார். பின்னாளில் பாரதத்திற்குப் பெருந்துணையாய் அமைந்த நிலைப்பாட்டின் தொடக்கம் அதுவே. இவையனைத்தும் ஒரு தூதுவரால் மட்டுமே நிகழ்ந்தன என்று கூறுவது மிகை. பனிப்போரின் கணக்குகளும் அதில் உண்டு. தூதரகத்தின் அன்றாட அலுவல்களை அவர் ஆக்ஸ்போர்டில் இருந்த நாட்களில் சுமந்தவர்கள் அவருடைய உதவி அதிகாரிகளே என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் பாரதம் யாருடைய கைப்பாவையும் அன்று என்ற நம்பிக்கையை மாஸ்கோவில் விதைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

குடியரசுத் துணைத் தலைவர் பதவிக்காக அவர் தாயகம் திரும்பும் தறுவாயில், 1952 ஏப்ரல் 5-ஆம் நாள், ஸ்டாலின் அவரை மீண்டும் சந்தித்து விடை கொடுத்தார். ஸ்டாலினின் முகம் வீங்கி வாடியிருந்தது. இராதாகிருஷ்ணன் அவர் கன்னத்தையும் முதுகையும் அன்புடன் தட்டிக் கொடுத்தார் என்றும், தம்மை அரக்கனாகக் கருதாமல் மனிதனாக நடத்திய முதல் மனிதர் நீங்களே என்று ஸ்டாலின் கண்கலங்கினார் என்றும் கூறுவர். பதினொரு மாதங்களில் ஸ்டாலின் மறைந்தார். அச்செயலைப் படிக்கும்போது நம் மனம் இருவகையாய்ச் செல்கிறது. எண்ணற்ற உயிர்களை அழித்த கையையுடையவனைத் தட்டிக் கொடுப்பது தகுமோ என்று ஒரு மனம் கேட்கிறது. எவ்வுயிரும் கடைத்தேறும் தகுதியுடையது என்று நாம் நாள்தோறும் ஓதுவது சொல்லளவில் மட்டும்தானோ என்று மற்றொரு மனம் கேட்கிறது.

ஒரு பொருளை ஒரு நோக்கில் மட்டும் கண்டு அதுவே முழு உண்மை எனச் சாதிப்பதை நம் ஆசிரியர்கள் ஏகாந்தம் என்றனர். 1950-இல் உலகின் இரு முகாம்களும் அந்நோயில்தான் கிடந்தன. வாஷிங்டன் கூறுவதிலும் மாஸ்கோ கூறுவதிலும் ஒரு நோக்கில் உண்மை உண்டு, எதுவும் முழு உண்மையன்று என்று கொண்டே இராதாகிருஷ்ணன் இரு தரப்பிடமும் பேசினார். நூலில் எதைப் பாதி வழி என்று குறை கூறினாரோ, அந்த வழியிலேயே அவர் மாஸ்கோவில் நடந்தார் என்பது நம் கருத்து. அவர் இதனை ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது வேறு. ஜைன நூல்களைக் கற்றதனால்தான் அவ்வாறு நடந்தார் என்று நாம் சொந்தம் கொண்டாட வரவில்லை. அத்வைதியான அவர்தம் வழியில் வந்து சேர்ந்த இடமும் நம் பெரியோர் காட்டிய இடமும் ஒன்றாயிருப்பது நமக்கு மகிழ்ச்சியளிக்கிறது.

துணைத் தலைவரான பின்னும் தூதுப்பணி அவரை விடவில்லை. 1957 செப்டம்பரில் சீனா சென்றார். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் சீனப் பிரதமர் சூ என்லாய் சென்னைக்கு வந்து, மாமல்லையின் சிற்பங்களையும் அருகிலுள்ள குழிப்பாந்தண்டலம் கிராமத்தையும் கண்டு சென்றிருந்தார். பீகிங்கில் மா சே துங் தம் இல்ல முற்றத்தில் நின்று வரவேற்றபோது, இராதாகிருஷ்ணன் அவர் கன்னத்திலும் தட்டிவிட்டார். சுற்றியிருந்தோர் அதிர்ந்தனர். ஸ்டாலினிடமும் போப்பாண்டவரிடமும் இவ்வாறே செய்ததாகக் கூறி அவர் அவர்களைச் சிரிக்க வைத்தார். அன்றைய விருந்தில் மா சே துங் அன்பு மேலிட்டுத் தம் தட்டிலிருந்து ஒரு துண்டைக் குச்சிகளால் எடுத்து இராதாகிருஷ்ணனின் தட்டில் இட்டார். அது புலால். விருந்தினர் தூய மரக்கறியாளர் என்பதை அவர் அறியார். இராதாகிருஷ்ணன் முகம் சுளிக்கவுமில்லை. விருந்தளித்தவர் நாணும்படி ஒரு சொல் சொல்லவுமில்லை. உடனிருந்த நட்வர் சிங் இதனைப் பின்னாளில் எழுதியுள்ளார்.

அந்நட்பு நிலைக்கவில்லை. அவர் குடியரசுத் தலைவரான ஐந்தே மாதங்களில், 1962 அக்டோபரில், சீனப் படை எல்லை கடந்தது. நம் அரசு எளிதில் நம்பியதையும் அசட்டையாய் இருந்ததையும் தலைவர் பதவியில் இருந்துகொண்டே அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். தம் அன்புக்குரிய நேருவின் அரசு என்பதற்காக அவர் அதனை மென்று விழுங்கவில்லை.

மாஸ்கோவில் அவர் நட்ட மரம் மட்டும் காய்த்தது. பிலாய் உருக்காலை, நெய்வேலி அனல் மின்நிலையம், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த நந்தம்பாக்கத்தின் அறுவைக் கருவித் தொழிற்சாலை ஆகியவை சோவியத் உதவியால் எழுந்தன. நந்தம்பாக்கத் தொழிற்சாலை அமைந்த 1960-களில் அவரே குடியரசுத் தலைவர்.

1967 மே மாதம் பதவி நிறைவுற்றதும் அவர் சென்னை மயிலாப்பூரில் உள்ள தம் கிரிஜா இல்லத்திற்குத் திரும்பினார். துணைவியார் சிவகாமு அம்மையார் 1956-லேயே மறைந்திருந்தார். இறுதி ஆண்டுகளில் நோய் அவரை வாட்டியது. 1975-இல் டெம்பிள்டன் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அப்பரிசுத் தொகை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திற்கே சென்றது. அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் வாழ்ந்த எட்வர்டு எலியட்ஸ் சாலை இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்குகிறது.